ஸ்பெயினை எதிர்த்து எழ வைத்தது எது: புத்தகமா, வரியா?

புதுவாசகன் (கேள்வி)

வணக்கம். ஒரு தேர்வுக்காக உலக வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம் வந்தால் எல்லாக் குறிப்பேட்டிலும் ஒரே வரிதான் இருக்கிறது: அறிவொளிக்காலச் சிந்தனை, அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி இந்த மூன்றும் தூண்டியதால் ஸ்பானியக் காலனி மக்கள் விடுதலை கேட்டார்கள். இதை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

ஆண்டீஸ் மலையில் கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்தவருக்கும் புகையிலை பயிரிட்டவருக்கும் ரூசோ எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர். முந்நூறு வருஷம் பொறுத்துப்போனவர்கள் 1810இல் மட்டும் ஊருக்கு ஊர் ஒரே சமயத்தில் எழுந்தது ஏன்? படித்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

கடலோடி

"ஒரே சமயத்தில் ஏன்" என்பதற்கு மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

காரணம் நெப்போலியன். 1808இல் ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸையும் அவர் மகன் ஏழாம் ஃபெர்னாண்டோவையும் பயோன் நகருக்கு வரவழைத்து, இருவரையும் முடி துறக்க வைத்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் உட்கார வைத்தார். அரசன் இல்லாவிட்டால் ஆளும் உரிமை மக்களிடம் திரும்பும் என்ற எண்ணம் ஸ்பானிய மரபிலேயே உண்டு. அதை வைத்துத்தான் ஸ்பெயின் நகரங்கள் ஹுந்தா என்ற ஆட்சிக் குழுக்களை அமைத்துப் பிரெஞ்சுப் படையோடு மோதின. ஸ்பெயினில் இருப்பவர்கள் செய்யலாம் என்றால் நாங்கள் ஏன் செய்யக்கூடாது என்று அமெரிக்க நகரங்களும் கேட்டன. 1809இலேயே சுக்கிசாகா, லா பாஸ், கித்தோ மூன்றிலும் முயன்று பார்த்தார்கள், அடக்கப்பட்டார்கள்.

1810 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை செவில்யாவையும் பிடித்தது. ஸ்பெயினின் மத்திய ஹுந்தா கலைந்தது. அந்தச் செய்தி கப்பலேறிப் போன பிறகு ஒவ்வொரு ஊரும் எழுந்த வரிசையைப் பாருங்கள்: காரகாஸ் ஏப்ரல் 19, புவேனஸ் அயர்ஸ் மே 25, போகோட்டா ஜூலை 20, மெக்சிகோவின் தொலோரெஸ் செப்டம்பர் 16, சான்டியாகோ செப்டம்பர் 18.

இதற்கு முன்பே புவேனஸ் அயர்ஸ் மக்கள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். 1806இல் ஆங்கிலேயப் படை வந்து இறங்கியபோது ஸ்பானிய வைஸ்ராய் கோர்தோபாவுக்குப் போய்விட்டார். ஊர்க்காரர்களே திரண்டு நகரை மீட்டார்கள். மறுவருஷம் இன்னும் பெரிய படை வந்தபோதும் அவர்களே விரட்டினார்கள். ஆபத்துக்கு உதவாத அரசு எதற்கு என்ற கேள்வி அதற்குப் பிறகு எழாமல் இருக்குமா?

மலையோரம்

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் ஸ்பானிய மொழிபெயர்ப்பு வேலை செய்பவள், நான்கு வருஷம் போகோட்டாவில் இருந்தேன். அங்கே பொலிவார் சதுக்கத்தின் மூலையில் பால்கனி வைத்த பழைய வீடு ஒன்று இருக்கிறது. இப்போது விடுதலை அருங்காட்சியகம். அதற்குள் கண்ணாடிக்குப் பின்னால் உடைந்துபோன ஒரு பூச்சாடியின் மிச்சத்தை வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் விடுதலைக்கு அடையாளமாக வாளோ துப்பாக்கியோ இல்லாமல் பூச்சாடியா என்று முதல் தடவை பார்த்தபோது நின்றுவிட்டேன்.

1810 ஜூலை 20ஆம் தேதி நடந்தது இது. ஹோசே கொன்சாலெஸ் யொரெந்தே என்ற ஸ்பானிய வியாபாரியின் கடை அந்த வீட்டில் இருந்தது. அந்த ஊரிலேயே பிறந்த சிலர் போய், ஒரு விருந்தாளிக்கு மேசை அலங்கரிக்க வேண்டும், பூச்சாடி இரவல் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர் மறுத்தார். எங்களை அவமதித்துவிட்டான் என்று இவர்கள் கூச்சல் போட, அடிதடி. வெள்ளிக்கிழமை, சந்தை நாள். சதுக்கம் முழுக்க ஜனம். சாயங்காலத்துக்குள் நகரசபைக் கட்டடத்தின் முன் கூட்டம் திரண்டு ஹுந்தா கேட்டது. இது தற்செயல் இல்லை. முந்தின நாளே உட்கார்ந்து போட்ட திட்டம்.

என்னை உலுக்கியது திட்டம் இல்லை, அதைப் போட்டவர்களின் நம்பிக்கை. ஸ்பெயினில் பிறந்த ஒருவன் இங்கே பிறந்த ஒருவனுக்கு ஒரு சாடி தர மறுத்தால் சந்தையே கொதிக்கும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது? அத்தனை வருஷம் உள்ளே என்ன சேர்ந்திருந்தது? உங்கள் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

முப்பது வருஷம் பின்னால் போவோம். போகோட்டாவுக்கு வடக்கே சொகோர்ரோ என்ற மலையூர். பருத்தி நெசவும் புகையிலையும் அங்கே பிழைப்பு. 1781 மார்ச் 16 அன்று புது வரிகளை அறிவிக்கும் அரசாணையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மனுவேலா பெல்த்ரான் என்ற சாதாரணப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதைக் கிழித்துப் போட்டார். அரசனின் முத்திரை விழுந்த காகிதம் அது. கிழித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விற்பனை வரி ஒரு பக்கம். கடற்படைச் செலவுக்கு என்று பழைய வரி ஒன்றைத் தூசு தட்டித் தனியாக வசூலித்தது இன்னொரு பக்கம். புகையிலையோ அரசின் ஏகபோகம்; சொன்ன இடத்தில்தான் பயிரிடலாம். சில மாதத்தில் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் திரண்டு தலைநகரை நோக்கி நடந்தார்கள். உப்புச் சுரங்கம் இருக்கும் சிபாகிரா ஊர் வரை வந்துவிட்டார்கள், அங்கிருந்து போகோட்டா கூப்பிடு தூரம். அரசு பயந்துபோய் பேராயரை அனுப்பியது. முப்பத்தைந்து கோரிக்கைகள் கொண்ட ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒன்று, பதவிகளில் இங்கே பிறந்தவர்களுக்கே முன்னுரிமை. பைபிள் மேல் சத்தியம் செய்து கொடுத்ததை நம்பி ஜனம் வீடு திரும்பியது. அதன் பிறகு, கட்டாயத்தில் எழுதிக்கொடுத்தது செல்லாது என்று வைஸ்ராய் அறிவித்துவிட்டார். விடாமல் போராடிய ஹோசே அன்டோனியோ கலான் மறு வருஷம் கொல்லப்பட்டார். அவர் உடலைத் துண்டாக்கித் தலையையும் கை கால்களையும் வெவ்வேறு ஊர்களில் வைக்கவும், வீட்டை இடித்து அந்த மண்ணில் உப்பைத் தூவவும் தீர்ப்பு.

இது நடந்தது 1781. பிரெஞ்சுப் புரட்சி 1789. உங்கள் குறிப்பேட்டுக்காரர்கள் இந்த இரண்டு வருஷங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த வரியை அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்ட கோவேறு கழுதைக்காரர் நிஜமாகவே இருந்தார். ஹோசே கப்ரியேல் கொந்தொர்கங்கி, வரலாறு அவரை இரண்டாம் துபாக் அமாரு என்கிறது. குஸ்கோவுக்குத் தெற்கே மூன்று ஊர்களுக்குப் பரம்பரைத் தலைவர். நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகளை வைத்துப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கப் பாதையில் சரக்கு ஏற்றியவர். அந்தப் பாதையில் அவர் கண்டது சரக்கு மட்டும் இல்லை. மித்தா என்று கட்டாய உழைப்பு முறை ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஊரும் முறை வைத்துச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். அது போதாதென்று ரெபார்த்தோ. மாவட்ட அதிகாரியான கொரெகிதோர் தானே சரக்கைக் கொண்டுவந்து, தானே விலை வைத்து, ஊர்க்காரர்கள் தலையில் கட்டுவார். கழுதை, துணி, இரும்பு, அதோடு யாருக்கும் தேவைப்படாத பொருள்களும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. 1750களில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். வரி வாங்குகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன், கடன்காரன் மூவரும் ஒரே ஆள் என்றால் ஏழை எங்கே போய் முறையிடுவான்?

துபாக் அமாரு முறையிடத்தான் போனார். 1777இல் லீமா வரை போய், என் ஊர்க்காரர்களை மித்தாவிலிருந்து விடுவியுங்கள் என்று மனுப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1780 நவம்பர் 4ஆம் தேதி தின்தா மாவட்டத்தின் கொரெகிதோர் அன்டோனியோ தெ அர்ரியாகாவைப் பிடித்தார். 10ஆம் தேதி தூக்கிலிட்டார். மலைநாடு பற்றி எரிந்தது. அவர் மனைவி மிகயேலா பஸ்தீதாஸ் படைக்கு ஆளும் சோறும் ஆயுதமும் சேர்த்தவர். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் இருவரையும், கடைசிப் பையன் கண் முன்னாலேயே, கொன்றார்கள். அந்தத் தீர்ப்பை நான் மூலத்தில் வாசித்திருக்கிறேன். உயிரை எடுப்பதோடு நிற்கவில்லை. இன்கா உடை உடுத்தக்கூடாது, இன்கா அரசர்களின் படங்களை வீட்டில் வைக்கக்கூடாது, துக்கத்துக்கு ஊதும் சங்கைக்கூட ஊதக்கூடாது. கெச்சுவா பேச்சை விட்டு எல்லோரும் ஸ்பானியம் கற்க வேண்டும். ஒரு ஜனத்தின் நினைவையே தண்டித்தார்கள். அந்தப் பக்கத்தில் என் கை ஓடவில்லை. மறுநாள்தான் வேலையைத் தொடர்ந்தேன்.

முந்நூறு வருஷம் பொறுத்துப்போனார்கள் என்கிறீர்களே, அதில் பாதிதான் சரி. முன்பு கயிறு தளர்வாக இருந்தது. பணம் கட்டினால் இங்கே பிறந்தவரும் நீதிமன்றப் பதவி வாங்கலாம். கள்ளக்கடத்தலைப் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். 1762இல் ஆங்கிலேயர் ஹவானாவைப் பிடித்த பிறகு ஸ்பெயினுக்குப் படைக்கும் கோட்டைக்கும் பணம் தேவைப்பட்டது. மூன்றாம் கார்லோஸ் காலத்தில் கயிற்றை இறுக்கினார்கள். பெரு நாட்டில் விற்பனை வரி இரண்டு சதவீதம் இருந்தது நான்காகி, 1776இல் ஆறாகியது. பதவிகளுக்கு ஸ்பெயினிலிருந்தே ஆள் இறக்கினார்கள். ஸ்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர்களைக் கிரியோல்கள் என்பார்கள். நிலமும் படிப்பும் அவர்களிடம் இருந்தது, நாற்காலி இல்லை.

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லோரும் சொல்லும் புத்தகங்களை விட்டுவிட்டு, நாடு கடத்தப்பட்டவர்கள் எழுதியவற்றைப் பாருங்கள். 1767இல் இயேசு சபைப் பாதிரிகளை ஸ்பானிய நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே உத்தரவில் வெளியேற்றினார்கள். அமெரிக்காவிலிருந்து மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல். அவர்களில் பலர் அந்த மண்ணில் பிறந்தவர்கள். இத்தாலியில் போய் ஒண்டினார்கள். அப்போது ஐரோப்பிய அறிஞர்கள் சிலர், அமெரிக்கா ஈரம் ஊறிய கண்டம், அங்கே மிருகமும் சிறுக்கும் மனிதனும் சிறுப்பான் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வேராக்ரூஸ் ஊரில் பிறந்த கிளாவிஹெரோவுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. பொலோன்யாவில் உட்கார்ந்து மெக்சிகோவின் பழைய வரலாற்றை எழுதினார், சிலிக்காரர் மொலினா தன் நாட்டின் செடி கொடிகளையும் மிருகங்களையும் பற்றி எழுதினார். ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் ஊரின் அருமை தெரியும். "நாங்கள் ஸ்பானியர்" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் "நாங்கள் மெக்சிகர், நாங்கள் சிலியர்" என்று நினைக்கத் தொடங்கியதில் இந்த ஏக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அவர்களில் பெருவைச் சேர்ந்த ஹுவான் பாப்லோ விஸ்கார்தோ என்பவர், அமெரிக்க ஸ்பானியர்களுக்கு என்று ஒரு கடிதம் எழுதினார். 1798இல் லண்டனில் இறந்துபோனார். கடிதம் மறுவருஷம் அச்சாயிற்று. 1806இல் விடுதலைக்காகப் படை திரட்டி வெனிசுவேலாக் கரையில் இறங்கிய மிராண்டா அதன் பிரதிகளைக் கையோடு கொண்டுபோய்ப் பரப்பினார். "புதிய உலகம் எங்கள் தாய்நாடு, அதன் வரலாறு எங்கள் வரலாறு" என்று வரும் அதில். ரூசோ படிக்காதவருக்கும் இது புரியும்.

பிரெஞ்சுக்காரர்களின் தாக்கத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். போகோட்டாவில் அன்டோனியோ நரிஞோ தன் சொந்த அச்சகத்தில் மனித உரிமைப் பிரகடனத்தை ஸ்பானியத்தில் அடித்தார். சுமார் நூறு பிரதிகள். ஒன்றிரண்டு வெளியே போனதுமே விஷயம் கசிந்துவிடும் என்று பயந்து மற்றவற்றை எரித்தார். அப்படியும் 1794இல் பிடிபட்டு, பத்து வருஷச் சிறை, சொத்து முழுக்கப் பறிமுதல், நாடு கடத்தல். ஆகவே புத்தகம் வந்தது, படித்தவர்களுக்கு வார்த்தை கொடுத்தது. வலி அதற்கு முன்பே இருந்தது.

புதுவாசகன்

அக்கா, ரொம்ப நன்றி. கலானின் வீட்டு மண்ணில் உப்புத் தூவியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகம். 1810இல் எழுந்தவர்கள் "ஃபெர்னாண்டோ மன்னர் வாழ்க" என்று முழங்கினார்கள் என்று ஒரு இடத்தில் பார்த்தேன். விடுதலை கேட்கிறவர்கள் மன்னரை ஏன் வாழ்த்த வேண்டும்? வேஷமா?

மலையோரம்

சிலருக்கு வேஷம், பலருக்கு நிஜம். 1781இல் சொகோர்ரோ மக்கள் போட்ட கோஷமே "அரசர் வாழ்க, கெட்ட ஆட்சி ஒழிக" என்பதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று நாம் சொல்வதில்லையா, அதே மனநிலை. மாட்ரிட்டில் இருக்கும் அரசர் நல்லவர், நம் கஷ்டம் அவர் காதுக்குப் போனால் தீர்த்துவைப்பார், நடுவில் இருக்கிறவர்கள்தான் மறைக்கிறார்கள் என்று நம்பினார்கள். போகோட்டாவில் 1810 ஜூலை 20 இரவு எழுதிய பத்திரத்தில்கூட ஏழாம் ஃபெர்னாண்டோவை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்கள், அவர் இங்கே வந்து எங்களோடு இருந்து ஆள வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்றைக்கு அதைத்தான் கொலம்பியா சுதந்திர நாளாகக் கொண்டாடுகிறது.

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதுதான் இதில் முக்கியமான இடம். 1809இல் மத்திய ஹுந்தா, நீங்கள் காலனிகள் இல்லை, இந்த முடியாட்சியின் பிரிக்க முடியாத பகுதி என்று அமெரிக்கர்களுக்கு அறிவித்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! அடுத்த வரியிலேயே பிரதிநிதிக் கணக்கு. ஸ்பெயினின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டு பேர். அமெரிக்காவில் ஒரு கண்டத்தின் பாதி அளவு இருக்கும் வைஸ்ராய் பகுதிக்கும் ஒரே ஒருவர். போகோட்டாவில் கமிலோ தோர்ரெஸ் என்ற வழக்கறிஞர் நகரசபைக்காக ஒரு முறையீடு எழுதினார். நாங்களும் உங்களைப் போலவே ஸ்பானியர், எங்களுக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று கேட்கிறது அது. கோபம் கொதிக்கும் இடத்திலும் மரியாதை குறையாத மொழி. நகரசபை அதை அனுப்பவே துணியவில்லை. 1812இல் ஸ்பெயினின் காதிஸ் நகரில் அரசியல் சட்டம் எழுதியபோது ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் குடியுரிமையைத் தரவில்லை. தலைக்கணக்கிலிருந்து அவர்களை நீக்கினால் அமெரிக்காவின் இடங்கள் குறையும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

கடைசி அடி அரசரே கொடுத்தார். 1814இல் ஃபெர்னாண்டோ திரும்பி வந்தார். தனக்காகப் போராடியவர்கள் எழுதிய சட்டத்தையே ரத்து செய்தார். மறுவருஷம் மொரில்யோ தலைமையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையை அனுப்பினார். 1816இல் அந்தக் கமிலோ தோர்ரெஸைப் போகோட்டாவில் சுட்டுக் கொன்றார்கள். வானியலும் தாவரவியலும் படித்த கால்தாஸையும் சுட்டார்கள். 1817இல் தையல் வேலை செய்துகொண்டே செய்தி சேகரித்துக் கொடுத்த பொலிகார்ப்பா சலவரியேத்தாவையும். இதற்குப் பிறகு அரசர் வாழ்க என்று சொல்ல யாருக்கு நா எழும்? 1809இல் சம உரிமை கேட்டவர்களை 1819இல் ஸ்பெயின் படை தோற்ற பொயாக்கா போர்க்களத்துக்குக் கொண்டுவந்தது இந்தப் பத்து வருஷம்.

மெக்சிகோவில் வேறு மாதிரி. அங்கே ஊருக்குக் கடன் கொடுத்தது தேவாலயம். பண்ணைக்காரர், சிறு வியாபாரி எல்லோரும் அதில் வாங்கிப் பல வருஷம் வட்டி மட்டும் கட்டிவருவார்கள். 1804 டிசம்பரில் ஒரு அரசாணை: தேவாலயக் கடனை எல்லாம் வசூலித்து ஸ்பெயினுக்கு அனுப்புங்கள், போருக்குப் பணம் வேண்டும். சில வருஷத்தில் ஒரு கோடி பெசோவுக்கும் மேல் போயிற்று. மிகெல் இடால்கோ என்ற பாதிரியாரின் நிலமும் அதில் மாட்டியது. தொலோரெஸ் ஊரில் திராட்சை, பட்டுப்பூச்சி, மண்பாண்டம் என்று ஏழைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். 1808, 1809இல் மழை பொய்த்து மக்காச்சோளம் விலை ஏறியிருந்த நேரத்தில், 1810 செப்டம்பர் 16 அன்று, கிளர்ச்சிக்கு அழைத்து அவர் கோவில் மணியை அடித்தார். வந்தவர்கள் பசியோடு வந்தார்கள்.

தெற்குக்காற்று

நல்ல இழை. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. "காலனி மக்கள்" என்று பொதுவாகச் சொல்கிறோம், எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்களா? வெனிசுவேலாவில் 1814இல் விடுதலைப் படைத் தலைவர் பொலிவாரை விரட்டியது ஸ்பெயின் படை இல்லை. போவெஸ் தலைமையில் வந்த யானோ சமவெளிக் குதிரைக்காரர்கள், பெரும்பாலும் கலப்பினத்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை எசமான் என்றால் காரகாஸின் கிரியோல் பண்ணைக்காரன், ஸ்பெயின் எங்கோ இருந்தது. இன்றைய கொலம்பியாவின் தெற்கே பாஸ்தோவில் பழங்குடிகள் அகுவாலோங்கோ தலைமையில் 1824 வரை அரசருக்காகப் போரிட்டார்கள். சமூக நிலத்துக்கு அரசர் தந்த பாதுகாப்பு போய்விடும் என்று பயந்தார்கள்.

கலப்பினத்தவர் காசைக் கொடுத்து "வெள்ளையர்" அந்தஸ்து வாங்கலாம் என்று 1795இல் அரசர் ஆணை போட்டபோது, அதை எதிர்த்து மனு எழுதியது யார்? காரகாஸ் நகரசபை. அதே சபைதான் 1810இல் சுதந்திரக் கொடி பிடித்தது. எனவே அவர்களுக்கு உந்துதல் அவமானம் மட்டுமா, கீழே இருப்பவர்கள் மேலே வந்துவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

மலையோரம்

நீங்கள் சொல்வது சரி, இதை நானே சொல்லியிருக்க வேண்டும். பயம் பெரிய காரணம், அது இரண்டு பக்கமும் இழுத்தது. துபாக் அமாரு கிளர்ச்சியைப் பார்த்து நடுங்கிய பெருவின் கிரியோல்கள் கடைசி வரை ஸ்பெயினை ஒட்டியே இருந்தார்கள். 1821 ஜூலையில் விடுதலைப் படைத் தளபதி சான் மார்ட்டின் வெளியிலிருந்து படையோடு வந்துதான் லீமாவில் விடுதலை அறிவித்தார். மெக்சிகோவில் 1810 செப்டம்பரில் குவனஹுவாத்தோ தானியக் களஞ்சியத்தில் இடால்கோவின் கூட்டம் செய்த கொலைகளைக் கேட்டு அங்கேயும் கிரியோல்கள் பின்வாங்கினார்கள். பத்து வருஷம் கழித்து ஸ்பெயினில் தாராளவாதிகள் ஆட்சிக்கு வந்ததும், இனி ஸ்பெயினே நமக்கு ஆபத்து என்று அதே மேல்தட்டினர் 1821இல் அரசுப் படைத் தளபதியாக இருந்த இதுர்பிதேயோடு சேர்ந்து பிரிந்துகொண்டார்கள்.

ஹைட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். அடிமைகளாக இருந்தவர்களே எழுந்து 1804இல் அமைத்த நாடு. பண்ணைக்காரர்களுக்கு அது கெட்ட கனவு, அடிமைப்பட்டவர்களுக்கு அது செய்தி. தோற்று ஓடிவந்த பொலிவாருக்கு 1816இல் கப்பலும் துப்பாக்கியும் கொடுத்தவர் அந்த நாட்டின் அதிபர் பெத்தியோன். கேட்டது ஒன்றுதான்: நீ விடுவிக்கும் மண்ணில் அடிமைகளை விடுவிக்க வேண்டும். பொலிவார் வெனிசுவேலாக் கரையில் இறங்கியதும் விடுதலை ஆணை போட்டார். ஆனாலும் அங்கே அடிமைமுறை முழுதும் ஒழிந்தது 1854இல்தான். பெருவிலும் 1854 வரை இழுத்தது. பழங்குடிகள் கட்டிய தலைவரியையும் புதிய குடியரசு வேறு பெயரில் தொடர்ந்து வாங்கியது. பாஸ்தோ மக்களின் பயம் வீண் பயம் இல்லை.

கிழக்குக்கரை

எல்லோரும் அமெரிக்கக் கண்டத்திலேயே நிற்கிறீர்கள். பிலிப்பைன்ஸும் ஸ்பெயினின் காலனிதானே. 1872 ஜனவரி 20 அன்று கவித்தே ஆயுதக்கிடங்குத் தொழிலாளிகளும் வீரர்களும் கலகம் செய்தார்கள். அதுவரை தலைவரி, கட்டாய உழைப்பு இரண்டிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு இருந்தது. புதிய கவர்னர் ஜெனரல் அதை எடுத்துவிட்டார். சம்பள நாளில் பிடித்தம் போக வந்ததை எண்ணிப் பார்த்தபோதுதான் அவர்களுக்கு விஷயம் உறைத்தது. கலகம் இரண்டே நாளில் அடங்கியது. ஆனால் அதைச் சாக்கிட்டு கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களை, கலகத்தோடு சம்பந்தமே நிரூபிக்கப்படாமல், பிப்ரவரி 17 அன்று கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவர்கள் செய்த குற்றம், பங்குத் தேவாலயங்களின் பொறுப்பை உள்ளூர்ப் பாதிரிகளுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. ஹோசே ரிசால் அப்போது பத்து வயதுப் பையன். 1891இல் தன் இரண்டாவது நாவலை அந்த மூவருக்கே காணிக்கையாக்கினார்.

1896 ஆகஸ்டில் ஆந்திரேஸ் போனிஃபாசியோவின் கத்திபுனான் என்ற ரகசிய விடுதலை இயக்கத்தார் மணிலாவுக்கு வெளியே கூடினார்கள். செதுலா என்று தலைவரி கட்டியதற்கான சீட்டு, ஆளுக்கு ஒன்று, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் அதை எடுத்துக் கிழித்தார்கள்.

மலையோரம்

செதுலா விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் சொகோர்ரோவோடு சேர்த்து யோசித்ததே இல்லை. நன்றி. நூற்றுப்பதினைந்து வருஷ இடைவெளி, நடுவில் ஒரு பெருங்கடல், இரண்டு இடத்திலும் கிழிபட்டது வரிக் காகிதம்.

தம்பி, தேர்வில் அந்த மூன்று காரணங்களையும் எழுதுங்கள், தப்பில்லை. கூடவே 1780, 1781 இரண்டையும், 1808ஐயும் எழுதுங்கள். இடம் இருந்தால் மனுவேலா பெல்த்ரானின் பெயரையும்.

புதுவாசகன்

எழுதுகிறேன் அக்கா. சிபாகிரா ஒப்பந்தத்தின் முப்பத்தைந்து கோரிக்கைகளும் எனக்கு வேண்டும். நீங்கள் மொழிபெயர்த்து வைத்திருந்தால் இங்கேயே போடுங்கள், நான் தட்டச்சு செய்து தருகிறேன்.

மலையோரம்

கையால் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பத்தை இந்த வாரம் போடுகிறேன்.